கல்ச்சர்: முளைக்கும் வரை பொறுக்கணும்

பழைய வண்ணாரப்பேட்டையில், எங்கள் தெருமுனை லேபில் ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தேன். முன்னால் நின்ற அக்கா சிறுநீர் டப்பாவை நீட்டியபடியே, "சுகர்னா சாயங்காலமே குட்த்துடற, இதுக்கு இன்னாம்மா மூணு நாளு?" என்று கேட்டார். லேப் பெண் தலை நிமிராமலே, "இது கல்ச்சர்க்கா, முளைச்சு வரணும்ல" என்றாள்.

லேபில் கல்ச்சர் என்றால், சாம்பிளில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. லேப் பெண் சொன்னதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

கல்ச்சர் என்பது வயலில் பிறந்த சொல். லத்தீனில் 'கொலெரே' என்றால் உழுவது, பேணுவது. அக்ரிகல்ச்சரின் வாலில் ஒட்டியிருப்பதும் இதுதான். நிலத்தைப் பண்படுத்துவதுபோல மனத்தைப் பண்படுத்துவது என்று பொருள் பிறகு விரிந்தது. நம் 'பண்பாடு' என்ற சொல்லிலும் அதே பண்படுத்தல்தான் இருக்கிறது. ஆனால் லேபுக்கு வந்த கல்ச்சர் மனத்தை விட்டுவிட்டு மறுபடி வயலுக்கே திரும்பிவிட்டது. இது தெரியாத மொழிபெயர்ப்பு இயந்திரங்கள் 'சிறுநீர்க் கலாச்சாரம்' என்று போட்டு வைக்கின்றன. படித்தால் சிரிப்புத்தான் வருகிறது.

வயல் என்று சும்மா சொல்லவில்லை. உள்ளங்கை அளவு வட்டத் தட்டு, அதில் உறைந்த கூழ். நுனியில் வளையம் வைத்த கம்பியைச் சிறுநீரில் தோய்த்துக் கூழின் மேல் நெருக்கமாகக் கோடு கோடாக இழுப்பார்கள். ஏர் சால் ஓட்டியதுபோலவே இருக்கும். 37 டிகிரிச் சூட்டில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால் கிருமி பொட்டுப் பொட்டாகத் தென்படும். காசநோய்க் கிருமி சோம்பேறி, அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முளைத்த கிருமி எந்த மருந்துக்கு மடங்குகிறது என்றும் பார்த்துவிடுவார்கள். மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி தட்டில் முளைக்காமல் போகலாம். அதனால்தான் ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சாம்பிள் கொடுக்கச் சொல்கிறார்கள்.

அந்தக் கூழ் வேறெதுவும் இல்லை, அகர். மலாய் மொழியில் அகர்-அகர். ரம்ஜான் மாதத்தில் மண்ணடிப் பக்கம் பால் ஊற்றித் துண்டு போட்டு வைக்கிறார்களே, அதே கடல்பாசி! ஜெர்மன் கிருமி ஆய்வாளர் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் முதலில் ஜெலட்டின்தான் வைத்திருந்தார்கள். உடம்புச் சூட்டில் அது உருகி ஓடிவிடும். அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தன் சமையலறையில் பழகிய அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். 1881-82 வாக்கில் நடந்தது இது. அகர் உருக 85 டிகிரி வேண்டும், ஆறினால் 40-க்குக் கீழேதான் உறையும். ஆகவே 37-இல் அசையாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மீன் வளர்ப்பு', 'திசு வளர்ப்பு' எல்லாம் ஏற்கெனவே இருப்பதால் 'கிருமி வளர்ப்புச் சோதனை' இயல்பாகப் பொருந்துகிறது. கூழுக்கு 'வளர்ப்பு ஊடகம்' என்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் விறைப்பாகத் தெரிகிறது, 'வளர்தளம்' போதும். ரிப்போர்ட்டில் வரும் 'நோ குரோத்'தை மட்டும் 'வளர்ச்சி இல்லை' என்று எழுத வேண்டாம். பிள்ளைக்கு எடுத்த டெஸ்டென்றால் பெற்றவள் பதறிவிடுவாள். 'கிருமி முளைக்கவில்லை' என்றால் வண்ணாரப்பேட்டை அக்காவுக்கும் புரியும்.