பாய்வளவி: சொல் விளக்கம்

குடிநீர்க் குழாய்ப் பணியில் ‘ஃப்ளோ மீட்டர்’ என்று நாள்தோறும் வழங்கும் கருவியைப் பாய்வுமானி, ஓட்டமானி, நீரளவுமானி என்று பலவாறாக எழுதுகிறார்கள். இவற்றை வேறுபாடின்றிக் கையாள்வது பொருள் மயக்கம் தருகிறது. வீட்டு இணைப்பிலுள்ள தண்ணீர் மீட்டரிடம் இதுவரை எவ்வளவு நீர் சென்றது என்று கேட்கிறோம். முதன்மைக் குழாயிலுள்ள ஃப்ளோ மீட்டரிடம் இந்த நொடியில் எந்த வீதத்தில் செல்கிறது என்றும் கேட்கிறோம். அணைச் செய்தி படிப்பவர்களுக்கு இவ்வேறுபாடு புதிதன்று: இருப்பை டி.எம்.சி. கணக்கிலும், திறப்பை விநாடிக்கு இத்தனை கன அடி என்றுமே சொல்கிறோம்.

மீட்டர் என்பது அளவைக் குறிக்கும் ‘மெட்ரான்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மானி என்பதன் அடியான வடமொழி ‘மான’மும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரைச் சேர்ந்தது, ஆகவே மீட்டரை மானி ஆக்கும்போது ஒரே மரத்தின் இன்னொரு கிளையைத்தான் எடுத்துக்கொள்கிறோம். ‘அள’ என்னும் வினையோ தமிழுக்கே உரியது. அளவுப் பெயர்களுக்கும் நிறைப் பெயர்களுக்கும் தொல்காப்பியம் தனி விதியே வகுத்திருக்கிறது. வெப்பமானி போன்றவை நன்கு ஊன்றிவிட்டதால் மானியைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆயினும் இன்னும் நிலைபெறாத இடத்தில் அளவி என்பதே என் தெரிவு.

முற்பகுதிக்கு ஓட்டத்தைவிடப் பாய்வு பொருந்தும். ஆற்றில் நீரோட்டம் என்றால் காலை இழுக்கும் விசையும் வேகமுமே நினைவுக்கு வருகின்றன. வயலுக்கு நீர் பாய்கிறது, பாய்ச்சுகிறோம் என்னும்போதோ ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோரிடத்தைச் சேரும் நீரின் அளவும் அச்சொல்லுக்குள் வந்துவிடுகிறது. எனவே கருவி பாய்வளவி, அது காட்டுவது பாய்வு வீதம், செயல் பாய்வளவீடு.

வேகமும் அளவும் ஒன்றல்ல என்பது எளிதில் தெளிவாகிவிடவில்லை. கி.பி. 97இல் ரோம் நகரின் நீர்வழிகளுக்குப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ், பதிவேட்டுக் கணக்கும் தாம் அளந்த கணக்கும் பொருந்தாததைக் கண்டார். ஆனால் அவர் அளந்தது குழாய்வாயின் பரப்பை மட்டுமே. வேகம் கூடினால் நீரும் கூடும் என்று அறிந்திருந்தும் அதை எண்ணாக்க அவருக்கு வழியில்லை. குறுக்குப் பரப்பை வேகத்தால் பெருக்க வேண்டும் என்பதை 1628இல் இத்தாலியக் கணித அறிஞர் காஸ்டெல்லி தெளிவாக எழுதினார். 100 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் நீர் விநாடிக்கு 1 மீட்டர் நகர்ந்தால் பாய்வு விநாடிக்குச் சுமார் 7.85 லிட்டர், வேகம் பாதியானால் பாய்வும் பாதி. காந்தப்புலத்தின் குறுக்கே ஓடும் நீரில் மின்னழுத்தம் தோன்றும் என்ற கருத்தோடு ஃபாரடே 1832இல் லண்டன் வாட்டர்லூ பாலத்தில் தேம்ஸ் நீரைச் சோதித்தார். அன்று கைகூடாத அந்தத் தத்துவமே இன்றைய மின்காந்தப் பாய்வளவியின் அடிப்படை. குழாய் நிரம்பி ஓடினால்தான் அதன் எண்ணை நம்பலாம்.

இத்துறையில் என்னை மிகவும் உறுத்தும் மொழிபெயர்ப்பு ‘மாவட்ட அளவீட்டுப் பகுதி’ என்பது. ‘டிஸ்ட்ரிக்ட் மீட்டர்டு ஏரியா’வைக் குறிக்கும் ‘டி.எம்.ஏ.’ என்ற சுருக்கத்திலுள்ள ‘டிஸ்ட்ரிக்ட்’ நிர்வாக மாவட்டம் அன்று. வால்வுகளை மூடித் தனியாக்கி, உள்ளே வரும் நீரையும் வெளியேறும் நீரையும் அளக்கும் சிறு பகுதியே அது. பெரும்பாலும் சில நூறு முதல் சில ஆயிரம் இணைப்புகள் வரை கொண்டது. 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் பரவிய இம்முறைக்குப் ‘பாய்வளவு வலயம்’ என்ற பெயர் பொருளைச் சிதைக்காது.

வலயத்தில் பாய்வளவி தரும் பயன் இரவில்தான் தெரியும். மக்கள் உறங்கும் 2 மணி முதல் 4 மணி வரை பதிவாகும் மிகக் குறைந்த வீதத்தை ‘இரவுத் தாழ்பாய்வு’ எனலாம். அது விநாடிக்கு 4 லிட்டராகவும், அந்நேரத்து உண்மையான பயன்பாடு 1.5 லிட்டராகவும் இருந்தால், எஞ்சும் 2.5 லிட்டர் பெரும்பாலும் கசிவே. ஒரு நாளுக்கு அது 2,16,000 லிட்டர்; பகலில் அழுத்தம் இறங்குவதால் உண்மைக் கணக்கு சற்றுக் குறையும். முறைவைத்து நீர் விடும் ஊர்களில் தொட்டி நிரம்பும் நீரும் இதில் கலந்துவிடுமாதலால், இக்கணக்கு இடைவிடாத வழங்கலுக்கே செல்லும்.

கசிவின் இடத்தைக் காண்பதற்குப் ‘படிநிலைச் சோதனை’ செய்கிறார்கள். ஒருவர் வலயத்தின் நுழைவில் பாய்வளவியைப் பார்த்திருக்க, மற்றவர் தொலைக்கோடியிலிருந்து வால்வுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருவார். 4.0 என்ற எண் 3.9, 3.7 என்று சிறுகச் சிறுக இறங்கி, ஒரு வால்வை மூடியதும் 1.6க்கு விழுந்தால், கசிவை அந்த வால்வுக்கு அப்பாலுள்ள பகுதியில் தேடலாம். பழுது நீக்கிய மறுநாள் இரவு அளக்கும் தாழ்பாய்வை வலயத்தின் புதிய அடிப்படை எண்ணாகக் குறித்துவைத்து, பின்வரும் இரவுகளை அதனோடு ஒப்பிடுகிறார்கள்.