செம்மறிப் பண்ணைக்குப் பாதி மானியம்: தலையை எண்ணுவதற்கு முன் இனத்தைப் பாருங்கள்

மத்திய அரசின் தேசிய கால்நடை இயக்கத்தின் தொழில்முனைவோர் பிரிவில் செம்மறிப் பண்ணை தொடங்கினால், மூலதனச் செலவில் 50% மானியம் கிடைக்கும். 100 பெட்டை, 5 கிடா கொண்ட பண்ணைக்கு உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். 200 பெட்டைக்கு 10 கிடா என்று படிப்படியாக ஏறி, 500 பெட்டை, 25 கிடாவுக்கு 50 லட்சம். உச்சவரம்பு என்பதால் செலவு குறைந்தால் மானியமும் குறையும். நிலம் வாங்குவது, குத்தகைப் பணம், சொந்த வண்டி, அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனம் எதுவும் கணக்கில் சேராது.

தனிநபர், சுயஉதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் அமைப்பு என யாரும் கேட்கலாம். சொந்த நிலமோ குத்தகை நிலமோ வேண்டும். பயிற்சியோ அனுபவமோ காட்ட வேண்டும். விண்ணப்பம் உத்யமி மித்ரா இணையதளத்தில். மானியம் இரண்டு சம தவணைகளாக வரும். இரண்டாவது, பண்ணை முடிந்து அதிகாரிகள் பார்த்த பிறகுதான். ஆக, முதலில் கைக்காசோ வங்கிக் கடனோ இறங்கியாக வேண்டும்.

சரி, எந்த ஆடு? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எண்ணிக்கையை நிரப்பும் அவசரத்தில் சந்தையில் கிடைத்ததை எல்லாம் ஏற்றி வந்துவிடுகிறார்கள்.

மேச்சேரி ஆடு இளம்பழுப்பு நிறம், கிடாவுக்கும் கொம்பு கிடையாது. அதன் தோலுக்கு நல்ல பெயர். வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் வெம்பூர். கீழக்கரிசலைப் பிடித்துக் கவிழ்த்துப் பாருங்கள், செம்பழுப்பு உடம்புக்கு அடிவயிறு கரேலென்று இருக்கும். பெயரே அதைத்தான் சொல்கிறது. இவையெல்லாம் கறிக்கான ஆடுகள். நீலகிரி ஆடு மெல்லிய ரோமத்துக்கானது, மலைக் குளிருக்குப் பழகியது. சமவெளிக்காரர் அதை ஆசைப்பட்டு வாங்க வேண்டாம் என்பேன்.

இரண்டு மூன்று இனம் வைப்பதில் தவறில்லை. ஆனால் கிடாக்களை ஒரே பட்டியில் விட்டால் ஐந்து மாதத்தில் எந்தக் குட்டி யாருடையது என்றே தெரியாது. அப்புறம் மேச்சேரி என்று சொல்லி விற்க முடியாது. 20 பெட்டைக்கு ஒரு கிடா என்ற திட்டத்தின் கணக்கிலேயே இனவாரியாகத் தடுப்பு போட்டுவிடுங்கள். கிடா தன் மகளோடு சேருவதற்கு முன், சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதை மாற்றுங்கள். பெட்டையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் கிடாவில் கஞ்சத்தனம் கூடாது, பிறக்கும் குட்டி அத்தனைக்கும் பாதி ரத்தம் அதனுடையது.

காப்பீடும் இதே இயக்கத்தில் உண்டு. பிரீமியத்தில் உங்கள் பங்கு 15%. ஒருவருக்கு 100 ஆடு வரை. காதில் மாட்டும் வில்லையில் உள்ள எண்ணைக் கொண்டுதான் ஆட்டை அடையாளம் காண்பார்கள். செத்த ஆட்டைப் புதைக்கும் அவசரத்தில் காதுவில்லையையும் சேர்த்துப் புதைத்துவிடாதீர்கள்.