எச்சில் ஒழுகும்போதே வண்டியை நிறுத்துங்கள்

காரில் ஏற்றிய நாய் வாந்தி எடுத்தால் "காலையில சாப்பிட்டது ஒத்துக்கலை" என்றுதான் பல வீடுகளில் சொல்கிறார்கள். கோளாறு தொடங்குவது வயிற்றில் அல்ல, உள்காதில். அங்கே திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை எப்பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்கின்றன. அவற்றை ஒட்டிய இரண்டு சிறு பைகளில் இருக்கும் கால்சியம் கார்பனேட் துகள்கள், வேகம் கூடுவதையும் குறைவதையும் உணர்த்துகின்றன. சீட்டுக்குக் கீழே படுத்திருக்கும் நாயின் கண்ணுக்குத் தெரிவதோ அசையாத கதவும் மிதியடியும். நகர்கிறோம் என்கிறது காது, இல்லை என்கிறது கண். இந்த முரண்தான் வாந்தியைத் தூண்டுகிறது. 1940களில் அமெரிக்க உடலியலாளர் பிலிப் பார்டும் அவர் குழுவினரும் நாய்களிடம் நடத்திய ஆய்வு இதில் உள்காதின் பங்கைத் தெளிவாக்கியது. உள்காதின் செய்தி போய்ச் சேரும் சிறுமூளைப் பகுதி ஒன்றை நீக்கிய பிறகு, ஊஞ்சலில் வைத்து ஆட்டியும் அந்த நாய்களுக்குக் குமட்டவில்லை.

குட்டிகளுக்கு இந்தச் சமநிலை உறுப்புகள் முழுதாகப் பக்குவப்பட்டிருக்காது. அதனால்தான் தொல்லை குட்டிகளுக்கே அதிகம். ஒரு வயதை ஒட்டிப் பல நாய்களுக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனால் அந்த ஓராண்டில் ஏறியபோதெல்லாம் வாந்தி எடுத்த நாய், கார் என்றாலே குமட்டல் என்று கற்றுக்கொள்கிறது. பிறகு காது பக்குவமானாலும், நிற்கிற காரின் கதவைத் திறந்ததுமே எச்சில் ஊறும். ஆக, இவை இரண்டு நோய்கள்: ஒன்று காதில், மற்றொன்று நினைவில். காதின் நோய்க்கு மருந்து உண்டு. நினைவில் பதிந்ததைப் பயிற்சியால்தான் மாற்ற முடியும்.

எனவே கவனிக்க வேண்டியது வாந்தியை அல்ல, அதற்கு முன் வருவதை. முதலில் நாக்கை நீட்டி மூக்கு நுனியையும் உதட்டையும் நக்கும். தூக்கமே இல்லாமல் திரும்பத் திரும்பக் கொட்டாவி விடும். தொண்டை ஏறி இறங்கும், எதையோ விழுங்குவதுபோல. பிறகு வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்கி நெஞ்சு முடியை நனைக்கும். அதுவரை ஜன்னலில் எட்டிப் பார்த்த நாய் தலையைத் தாழ்த்தி அமைதியாகிவிடும். 'சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது' என்று பலர் நினைப்பது இந்தக் கட்டத்தைத்தான். அடுத்து வயிறு குலுங்கத் தொடங்கினால் நேரம் கடந்துவிட்டது. எச்சில் கட்டத்திலேயே நிறுத்தி, நிழலில் இறக்கி, 10, 15 நிமிடம் நடக்கவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நெடுஞ்சாலையைவிட ஊருக்குள் ஓட்டுவதுதான் மோசம். சில விநாடிகளுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் ஆடும் மெதுவான ஆட்டமே குமட்டலை அதிகம் கிளப்பும். மனிதர்களிடம் அளந்ததில் ஐந்து விநாடிக்கு ஓர் ஆட்டம் என்ற அளவு மிகக் கெட்டது. மாலையில் மதுரை கோரிப்பாளையம் நெரிசலில் பிரேக், ஆக்ஸிலேட்டர், மறுபடி பிரேக் என்று ஊர்வது ஏறக்குறைய அதே கணக்கு. பழக்குகிற காலத்தில் அதிகாலை ஐந்தரை, ஆறு மணிக்குக் கிளம்புங்கள். ரிங்ரோடு, நத்தம் சாலை மேம்பாலம் போன்ற நேரான பாதைகளைத் தேர்ந்தெடுங்கள். அப்போது வெயிலும் இருக்காது.

உட்கார வைக்கும் இடமும் முக்கியம். டிக்கிப் பகுதி பின்சக்கரத்துக்கு மேலேயோ பின்னாலோ இருப்பதால் தூக்கிப்போடுவது அங்கேதான் அதிகம். பின்சீட்டின் நடுவே, முகம் முன்பக்கம் பார்த்தபடி, ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) போட்டு சீட் பெல்ட்டில் மாட்டுங்கள். கழுத்துப் பட்டையில் மாட்டினால் பிரேக் போடும்போது கழுத்து இறுகும். ஏர்பேக் உள்ள முன்சீட் கூடவே கூடாது. சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற நெடுங்கால் நாய்கள் வழுக்கும் ரெக்ஸின் சீட்டில் நின்றபடி வந்தால், ஒவ்வொரு வளைவிலும் தடுமாறிக் களைத்துப் போகும். ரப்பர் பாயின் மேல் பருத்திப் போர்வை விரித்துப் படுக்கப் பழக்குங்கள்.

நமக்குக் குமட்டினால் எலுமிச்சம்பழத்தை முகர்வோம். அதையே நாயின் மூக்கில் வைக்காதீர்கள். பல நாய்களுக்கு அந்த வாசனையே பிடிக்காது. டேஷ்போர்டில் தொங்கும் மல்லிகைச் சரத்தையும் கார் பெர்ஃப்யூமையும் எடுத்துவிடுங்கள். எதிரெதிர் ஜன்னல்களை நான்கு விரல் அளவு இறக்கினால் காற்று ஓடும். தலை வெளியே போகாது. ஏசி போடுவதானால் கிளம்புவதற்கு முன்பே உள்ளே குளிர்ந்திருக்கட்டும். டீ குடிக்க இறங்கும்போது நாயை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகவே கூடாது. வெளியே 35 டிகிரி இருந்தால் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். குமட்டலோடு போராடும் நாய்க்கு அது உயிர்ப் பிரச்சினை.

வளர்ந்த நாய்க்குப் பயணத்துக்கு 6 முதல் 8 மணி நேரம் முன்பே முழுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம். சிறு குட்டிகளை அவ்வளவு நேரம் பட்டினி போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். கொஞ்சமாக, முன்கூட்டியே கொடுங்கள்.

இனி பயிற்சி. எஞ்சின் அணைந்த காரில், நான்கு கதவும் திறந்திருக்க, நாயின் சாப்பாட்டுத் தட்டை உள்ளே வையுங்கள். பயமில்லாமல் ஏறித் தின்னும்வரை வேறெதுவும் வேண்டாம். அடுத்து கதவை மூடுவது, பிறகு எஞ்சினை மட்டும் ஓடவிடுவது, பிறகு கேட் வரை, தெருமுனை வரை, ஐந்து நிமிடம், பத்து நிமிடம். எந்தக் கட்டத்தில் எச்சில் வந்தாலும் ஒரு கட்டம் பின்னால் போய்விடுங்கள். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான்: நேற்று தெருமுனை வரை நன்றாக வந்தது என்று இன்று திருமங்கலம் வரை ஓட்டிவிடுகிறார்கள். ஒரே ஒரு வாந்தி, பல நாள் உழைப்பை அழித்துவிடும். பயணம் எப்போதும் ஊசி போடும் மாட்டாஸ்பத்திரியில் போய் முடியக்கூடாது. நாய் ஓடியாடும் ஒரு மைதானத்தில் முடியட்டும்.

பயிற்சி முடியும்வரை காத்திருக்க முடியாத பயணங்களுக்கு மாரோபிட்டன்ட் மாத்திரை உண்டு. வாந்தியைத் தூண்டும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற வேதிப்பொருள் மூளையில் போய் ஒட்டும் இடத்தை இது அடைத்துவிடுகிறது. சாதாரண வாந்திக்கு ஒரு கிலோ எடைக்கு 2 மி.கி. போதும், பயண வாந்திக்கு 8 மி.கி. தேவை, அதாவது 10 கிலோ நாய்க்கு 80 மி.கி. கிளம்ப இரண்டு மணி நேரம் முன்பு, கொஞ்சம் உணவோடு கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் அதனாலேயே வாந்தி வரலாம். நான்கு மாதம் நிறையாத குட்டிகளுக்குப் பயண வாந்திக்காக இதைத் தருவதில்லை. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேலும் கூடாது. கல்லீரல், இதயக் கோளாறு உள்ள நாய் என்றால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த மருந்து வாந்தியை நிறுத்தினாலும் குமட்டலையும் பயத்தையும் முழுதாகப் போக்காது, எச்சில் தொடரலாம். ஆகவே மாத்திரை இருக்கிறது என்று பயிற்சியை விட்டுவிடாதீர்கள். வீட்டிலிருக்கும் மனிதர்களுக்கான பயண மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் பழக்கமும் வேண்டாம். எந்த மருந்து, எத்தனை மி.கி. என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வாந்தி எடுத்துவிட்டால் திட்டாதீர்கள்; அடுத்த முறை பயம் கூடும். சீட்டைத் துடைத்து, பாதிக்குப் பாதி வினிகரும் தண்ணீரும் கலந்து தேய்த்து, வெயிலில் திறந்துபோட்டுக் காயவிடுங்கள். ஃபினாயில் வேண்டாம், அதன் நெடியே புதுக் குமட்டலைக் கிளப்பும். சரியாகப் போகாத வாடை, அடுத்த தடவை கதவைத் திறந்ததுமே நாய்க்குப் பழையதை நினைவூட்டிவிடும்.

கொடைக்கானல் போகிறவர்கள் இவ்வளவும் பழகிய பிறகே நாயைக் கூட்டிச் செல்லுங்கள். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வளைவுக்கு மேல் வளைவு. 2,000 மீட்டருக்கு மேலான உயரத்துக்கு ஏறுவதால் காதில் காற்றழுத்தமும் மாறும். மலையடிவாரத்தில் ஒருமுறை இறக்கி நடக்கவிட்டு, பிறகு டம்டம் பாறையில் நிறுத்துங்கள். அதற்குள் எச்சில் வந்துவிட்டால் அங்கேயே போதும் என்று ஓய்வு கொடுங்கள்.

ஆண்டுக்கணக்கில் சுகமாகப் பயணித்த பெரிய நாய்க்குத் திடீரென்று கார் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கதை வேறு. தலை ஒருபக்கம் சாய்வது, நடை தள்ளாடுவது, காதிலிருந்து நாற்றம் வருவது இவற்றில் ஒன்று இருந்தாலும் காதில் சீழோ சமநிலை நரம்பில் பாதிப்போ இருக்கலாம். பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் மருத்துவரிடம் காதைக் காட்டுங்கள்.