தகரப் பெட்டியில் கிடக்கும் வரலாறு

இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழர்களின் குடியுரிமை குறித்து இரு நாடுகளும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, நீலகிரியின் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் குடியேறிய குடும்பங்களின் வரலாற்றுக்கு ஆதாரம் தேடுபவர்களுக்கு, அவர்கள் வீட்டுத் தகரப் பெட்டிகளையே நான் முதலில் காட்டுவேன். தோட்டச் சம்பளச் சீட்டு, குடும்ப அட்டை, தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் சீட்டு, தொழிற்சங்கத் துண்டறிக்கை, திருமணப் பத்திரிகை, ஸ்டுடியோப் படம் முதலியவை நிலைத்திருக்க வேண்டும் என்று எண்ணி அச்சிடப்பட்டவை அல்ல. நூலகத்தில் ஆவணப் பிரிவைக் கவனித்துவரும் என்னிடம் அவற்றைக் கொண்டுவருபவர்களும், "பழைய குப்பைதான் சார்" என்று தயங்கிக்கொண்டேதான் நீட்டுகிறார்கள்.

காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் தாளிலும் படத்திலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கூடலூருக்குத் தென்மேற்குப் பருவமழை, குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழை என்பதால், பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய மாதம் ஊருக்கு ஊர் மாறும். சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய படங்களின் நிலைமை இன்னும் மோசம். படத்தின் மேற்பரப்பிலுள்ள ஜெலட்டின் ஈரத்தில் இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதை உரித்தெடுக்க முயன்றால் முகம் கண்ணாடியிலும் தாள் கையிலுமாக வரும் என்பதால், கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுத்துவிடுவது நல்லது.

ஆனால் நான் காணும் சேதங்களில் பெரும்பகுதிக்கு மழையைக் குறைசொல்ல முடியாது. பத்திரமாக இருக்கட்டும் என்று செய்யப்படும் லேமினேஷன், சூட்டினால் பிளாஸ்டிக்கைத் தாளின் இழைகளுக்குள் உருக்கி இறக்கிவிடுகிறது. பிறகு தாளுக்குச் சேதமில்லாமல் அதைப் பிரிப்பது ஏறக்குறைய இயலாத காரியம். செலோடேப்பும் அப்படியே: டேப் உதிர்ந்த பிறகும் பசையின் பழுப்புக் கறை தங்கிவிடும். இவற்றுக்குப் பதிலாக, தாளை அரிக்காத அமிலமற்ற தாளுறையில் வைக்கலாம்; அது கிடைக்காத ஊரில், பருத்தியால் செய்த கையால் தயாரித்த வெள்ளைத் தாளை மடித்து உறையாக்கிக்கொள்ளலாம்.

படம் பிழைத்தும் பெயர் பிழைக்காமல் போவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். கொழுந்துக் கூடையோடு வரிசையாக நிற்கும் பெண்கள் யார், எந்தத் தோட்டம், தோட்டத்தின் எந்த டிவிஷன் (உட்பிரிவு) என்பதைச் சொல்லக்கூடிய பாட்டி இருக்கும்போதே, இடமிருந்து வலமாகக் கேட்டு எழுதிவிட வேண்டும். படத்தின் பின்புறத்தில் பால்பாயின்ட் பேனா கூடாது. மென்மையான பென்சிலால் ஓரத்தில் எழுதலாம், வழுவழுப்பான தாளாக இருந்தால் உறையின் மேல் எழுதுவதே போதும்.

மூலத்தைக் கொடுக்க மனமில்லாதவர்கள், இருபுறமும் ஸ்கேன் செய்ய மட்டும் கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா என்று நூலகத்தாரிடம் கேளுங்கள். குடும்ப விவரங்கள் உள்ள தாள்களை யார் பார்க்கலாம் என்பதையும் கொடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.