ஒதுங்க இடமுள்ள வார்டு

மனநல மருத்துவமனை வார்டில் அடிதடி மூண்டால், நோயின் தீவிரத்தையோ ஆள் பற்றாக்குறையையோ காரணமாகச் சொல்வார்கள்; கட்டடத்தைக் குறை சொல்பவர் அரிது. ஆனால் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில், 2006இல் திறக்கப்பட்ட ஓஸ்த்ரா மருத்துவமனையின் மனநலப் பிரிவை ஆராய்ந்த, மருத்துவமனை வடிவமைப்பு ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் குழுவினர், கட்டடத்துக்கும் இதில் பங்குண்டு என்று 2018இல் எழுதினர்.

அச்சத்தோடும் தூக்கமின்மையோடும், பல வேளைகளில் விருப்பமில்லாமலும் வந்து சேரும் ஒருவரை முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில் தங்கவைத்தால், இரைச்சலிலிருந்தும் பிறர் பார்வையிலிருந்தும் விலகிப் போக அவருக்கு வழியே இருப்பதில்லை. அப்படிச் சேர்ந்துகொண்டே போகும் மன அழுத்தம் ஒரு கட்டத்தில் கைகலப்பாக வெடிக்கிறது. ஓஸ்த்ராவில் கழிப்பறையுடன் கூடிய தனி அறைகள், தோட்டம், நல்ல பகல் வெளிச்சம், செவிலியர் ஓரிடத்தில் நின்றே பொதுக்கூடத்தையும் அறைக் கதவுகளையும் பார்க்கக்கூடிய அமைப்பு ஆகியவை இருந்தன. முந்தைய பழைய கட்டடத்தோடு ஒப்பிட்டபோது, நோயாளிகளைக் கட்டிவைப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. கட்டாய ஊசியும் குறைந்திருந்தது. கட்டிவைக்கும்போது காயம்படுவது நோயாளி மட்டுமல்ல என்பதால், இது பணியாளர் பாதுகாப்பையும் சார்ந்தது. எல்லா மாற்றங்களும் ஒன்றாகவே செய்யப்பட்டதால், எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

சில மாற்றங்களுக்குக் கட்டடத்தை இடிக்க வேண்டியதும் இல்லை. 1950களில் கனடாவின் சஸ்காட்சவன் மாகாணத்து மருத்துவமனை ஒன்றில், ரயில் நிலையக் காத்திருப்பு அறை போலச் சுவரோரமாக வரிசையிட்டிருந்த நாற்காலிகளை ராபர்ட் சாமர் என்ற உளவியலாளர் சிறு மேசைகளைச் சுற்றிப் போட்டுப் பார்த்தபோது, அதுவரை பேசாமல் அமர்ந்திருந்த முதிய நோயாளிகளிடையே பேச்சு கணிசமாகக் கூடியது. ஜன்னலின் திசையோ வரைபடத்திலேயே முடிவாகிவிடும். மிலான் நகர மருத்துவமனை ஒன்றில், காலை வெயில் விழும் கிழக்கு அறைகளில் இருந்த இருமுனை மனச்சோர்வு (மிகை எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோயின் சோர்வுக் கட்டம்) நோயாளிகள், மேற்கு அறைகளில் இருந்தவர்களைவிடச் சராசரியாக 3.67 நாட்கள் முன்னதாக வீடு திரும்பியதாக 2001இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

பாதுகாப்புக்கும் கண்ணியத்துக்கும் இடையிலான இழுபறி கதவில்தான் நன்றாகத் தெரிகிறது. தற்கொலை முயற்சியில் யாரேனும் கயிறு மாட்டினால் அது வழுக்கி விழும்படி கைப்பிடியைச் சரிவாக அமைக்கிறார்கள். உள்ளிருந்து எதையாவது முட்டுக்கொடுத்து அடைத்துக்கொண்டால் வெளிப்புறமாகத் திறக்கவும் ஏற்பாடு உண்டு. கதவிலுள்ள கண்ணாடித் துளையின் மறைப்பை இரு பக்கமிருந்தும் இயக்கலாம்: நோயாளி மூடிக்கொள்ளலாம், இரவுச் செவிலியர் விளக்கைப் போடாமல், அவரை எழுப்பாமல் திறந்து பார்த்துவிட்டுப் போகலாம்.