தலைமறைவும் அல்ல, மன்றமும் அல்ல: தற்பதிப்பு

சோவியத் கால லெனின்கிராட் ராக் இசை பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்றில் 'ரோக்சி' பத்திரிகையைத் 'தலைமறைவு இதழ்' என்று போட்டிருந்தார்கள். அடுத்த பத்தியிலேயே லண்டனின் 'ஸ்னிஃபின் க்ளூ', 'ரசிகர் மன்ற இதழ்' ஆகியிருந்தது. முன்னதன் மூலச்சொல் 'சமிஸ்தாத்', பின்னதன் மூலச்சொல் 'ஃபேன்சின்'. எத்தனை தடவைதான் பொறுப்பது?

'ஃபேன்சின்' 1940ல் அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர் ரஸ் ஷோவனே உருவாக்கிய ஒட்டுச்சொல். ரசிகரைக் குறிக்கும் 'ஃபேன்' தலை, மேகசின் வால். (அந்த மேகசினே அரபிக் கிடங்கான 'மக்ஸன்'.) 'சமிஸ்தாத்' ரஷ்யச் சொல்: 'சம்' என்றால் தான், 'இஸ்தாத்' பதிப்பகம் என்பதன் குறுக்கம். அரசுப் பதிப்பகமான 'கோசிஸ்தாத்'துக்கு அடித்த கிண்டல்.

இதில் தலைமறைவு எங்கே வந்தது? 'தலைமறைவான மூவருக்கு வலைவீச்சு' என்று காவல் நிலையம் நமக்குத் தந்த சொல் அது. 1977ல் ராக் பாடகர் கிரெபென்ஷிகோவும் நண்பர்களும் தொடங்கிய ரோக்சி, தட்டச்சுப்பொறியில் கார்பன் தாள்களை அடுக்கி அடித்தது. அடியிலுள்ள பிரதி கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். நகல் இயந்திரம் அரசின் பூட்டுக்குள் இருந்தால் வேறென்ன செய்வது? ருமேனியாவில் 1983க்குப் பிறகு தட்டச்சுப்பொறியையே காவல்துறையில் பதிய வேண்டியிருந்தது. செக் நாட்டின் 'வோக்னோ' இதழுக்காகச் சிறை சென்றார் அதை நடத்திய ஸ்தாரெக். பேச்சுவழக்கில் வோக்னோ என்றால் சன்னல். ஒளிந்துகொள்கிறவர் வைக்கிற பெயரா அது?

மன்றம் இன்னும் மோசம். நமக்கு மன்றம் என்றால் கொடி, கட்-அவுட், பாலாபிஷேகம். மார்க் பெர்ரியோ வங்கி எழுத்தர். 1976 ஜூலையில் தட்டச்சும் கொட்டை எழுத்துப் பேனாவுமாகத் தாள்களைத் தயாரித்து, நகலெடுத்து, ஸ்னிஃபின் க்ளூவைத் தொடங்கியவர். தனக்குப் பிடித்த 'தி கிளாஷ்' என்ற பங்க் இசைக் குழு, சிபிஎஸ் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டதும், பங்க் அன்றைக்கே செத்தது என்றார். மன்றத்துக்காரர் இப்படிப் பேசிவிட்டுத் தெருவில் நடமாட முடியுமா?

இரண்டு ஊரிலும் இளைஞர்கள் செய்தது ஒரே காரியம்: தாங்களே பதிப்பித்தார்கள். கருவியும் தண்டனையும்தான் வேறு. ஆகவே தற்காப்பு, தற்பெருமை போலத் தற்பதிப்பு. இசைக்கு வந்தால் இசைத் தற்பதிப்பு. 'சுயவெளியீடு' வேண்டாம். அது கைக்காசு போட்டு அச்சடித்த கவிதைப் புத்தகத்துக்குப் போய்விட்டது. 'சிற்றிதழ்' அளவைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை; தவிர, 'எழுத்து' பத்திரிகைக் காலத்திலிருந்து அதற்கு வேறு வேலை இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தில் 'அண்டர்கிரவுண்ட்' என்று கண்டதும் மண்வெட்டியை எடுத்துவிடுகிறார்கள். ஒருவர் 'நிலவறைப் பாடகர்' என்றே எழுதிவிட்டார். பாவம், அந்த மனிதர் எப்போது மேலே வருவாரோ.