கோணமானியின் பூஜ்ஜியக் கோடு

ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் இரண்டு கதிர்களில் ஒன்றை மற்றொன்றின் மேல் கொண்டுவர எவ்வளவு திருப்ப வேண்டும்? அந்தத் திருப்பத்தின் அளவுதான் கோணம். கதிரின் நீளத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் 40 பாகை 40 பாகைதான். முழுச் சுற்றில் 360-ல் ஒரு பங்கு 1 பாகை. 60-ஐ அடிப்படையாக வைத்து எண்ணிய பாபிலோனியர் வழியில் வந்த கணக்கு இது. 360-ஐ மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 24; 100-க்கு 9 மட்டுமே. அதனால்தான் சுற்றைப் பாதி, மூன்றிலொன்று, எட்டிலொன்று என எப்படி வெட்டினாலும் பெரும்பாலும் முழு எண்ணே கிடைக்கிறது.

90-க்குக் குறைந்தால் குறுங்கோணம், சரியாக 90 என்றால் செங்கோணம், அதற்கு மேல் 180-க்குள் விரிகோணம், 180 நேர்கோணம், அதையும் தாண்டி 360-க்குள் இருந்தால் பின்வளைகோணம். மனப்பாடத்துக்கான பட்டியல்போலத் தெரியும். ஆனால் அளக்கும்போது கை கொடுப்பதே இந்தப் பெயர்கள்தான். அரைவட்டக் கோணமானியில் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு எண் வரிசைகள் உண்டு. ஒரே கோட்டின் மேல் 50-உம் 130-உம் சேர்ந்தே நிற்கும். கோணமானியை வைக்கும் முன்பே 'இது குறுங்கோணம்' என்று கண்ணால் தீர்மானித்துவிட்டால் 130 என்று எழுத வாய்ப்பே இல்லை. அடிக்கதிரின் மேல் எந்த வரிசையின் பூஜ்ஜியம் விழுகிறதோ, அந்த வரிசையில்தான் படிக்க வேண்டும்.

இன்னொரு தவறு கண்ணில் படாது. பல கோணமானிகளில், 0-ஐயும் 180-ஐயும் இணைக்கும் பூஜ்ஜியக் கோடு பிளாஸ்டிக்கின் கீழ் விளிம்பில் இல்லை. சில மில்லிமீட்டர் மேலே இருக்கிறது. அதைக் கவனிக்காமல் விளிம்பையே கதிரோடு ஒட்டி வைத்தால் என்ன ஆகும்? ஆரம் 5 செ.மீ., இடைவெளி 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30 பாகை 26 என்று காட்டும். 60 பாகை 58-ஐக்கூடத் தொடாது. 150 பாகையோ 154 ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், செங்கோணம் மட்டும் துல்லியமாக 90 காட்டும்! ஆகவே செங்கோணத்தை அளந்து பார்த்து 'சரியாகத்தான் வைக்கிறேன்' என்று நம்பினால் ஏமாந்துபோவோம். முக்கோணம்தான் நல்ல சோதனை. மூன்று கோணங்களையும் இதே தவறோடு அளந்தால், அது எந்த வகை முக்கோணமானாலும் கூட்டுத்தொகை 180-க்கு வராது. 173-க்கும் 176-க்கும் நடுவில் எங்கோ நின்றுவிடும்.

பென்சில் முனையும் முக்கியம். 5 செ.மீ. ஆரத்தில் 1 பாகையின் அகலம் 0.87 மி.மீ.தான். அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடே அரைப் பாகைக்கு மேல் விழுங்கிவிடும். கூர்மையான பென்சிலால் வரைந்து, கதிர் எண் வரிசையை எட்டாவிட்டால் அளவுகோல் வைத்து நீட்டிக்கொள்ளலாம், கோணம் மாறாது. அதன் பிறகும் 47.3 என்றெல்லாம் எழுதுவது வீண் துல்லியம். அரைப் பாகை வரை சொன்னால் போதும்.

பின்வளைகோணம் அரைவட்டத்துக்குள் அடங்காது. உள்பக்கக் கோணத்தை அளந்து 360-லிருந்து கழிக்கலாம்: உள்ளே 110 என்றால் வெளியே 250. அல்லது அடிக்கதிரைப் பின்பக்கம் நீட்டி, அதற்கு அப்பால் மிஞ்சும் 70-ஐ 180-உடன் கூட்டலாம். இரண்டு வழியிலும் தனித்தனியே அளந்து விடை பொருந்தாவிட்டால், கோணமானியை வைத்ததையும் எண் வரிசையைப் படித்ததையும் மறுபடி பார்க்க வேண்டும்.